இருபது நிமிடத்துக்கு ஒரு முறை

காலை ஒன்பது மணிக்கு அவர்கள் வீட்டு வாசலில் நின்றேன். ராத்திரி வேலை ஆறு மணிக்கே முடிந்திருந்தது. முகம் கழுவி, சட்டை மாற்றி, மூன்று டீ குடித்திருந்தேன். தூங்கவில்லை. தூங்கினால் ஒன்பதுக்கு எழுந்திருக்க மாட்டேன்.

கதவைத் திறந்தது என் மகளின் அம்மா. மூன்று வருடம் முன்புவரை என் மனைவி. முதலில் என் கண்ணைத்தான் பார்த்தாள்.

"தூங்குனீங்களா?"

"ம்."

"கண்ணு ரெண்டும் செக்கச்செவேல்னு இருக்கு."

"பஸ்ல தூசி."

அவள் நம்பவில்லை. நம்பவேண்டிய அவசியமும் இல்லை. போன மாதம் மகளை நீச்சல் குளத்துக்குக் கூட்டிப்போயிருந்தேன். குளத்தோர நாற்காலியில் உட்கார்ந்தவன் அப்படியே தூங்கிவிட்டேன். விழித்தபோது மகள் இல்லை. குளத்து ஊழியர்களும் நானும் நாற்பது நிமிடம் தேடினோம். வெளிவாசலில் டிக்கெட் கிழிப்பவரோடு பேசிக்கொண்டிருந்தாள். குளத்துக்குள் கிடக்கவில்லை என்ற ஒரே காரணத்தால் நான் இன்னும் அப்பாவாக இருக்கிறேன்.

"சொல்லிடறேன்," என்றாள். "இன்னொரு தடவ அவளப் பக்கத்துல வெச்சுக்கிட்டுத் தூங்குனீங்கன்னு தெரிஞ்சா, மாசத்துல ஒரு ஞாயிறு கூட்டிட்டுப் போறீங்களே, அதுவும் வேணாம். சண்ட போட எனக்குத் தெம்பில்ல."

கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. வீட்டில் சோப்பு தீர்ந்துவிட்டது என்பதுபோலச் சொன்னாள்.

மகள் ஷூ மாட்டிக்கொண்டு வந்தாள். பத்து வயது. நான் 'வாலு' என்று கூப்பிடுவேன். சமீபமாக அதற்கு முறைக்க ஆரம்பித்திருந்தாள். மணிக்கட்டில் அவள் கைக்குப் பொருந்தாத பெரிய கடிகாரம்.

"தொப்பி எடுத்துக்கிட்டியா?"

"எடுத்துக்கிட்டேன்மா."

"தண்ணி?"

"இருக்கும்மா. அப்பாவும் இருக்காரு. போலாமா?"

சஃபாரி பூங்கா போகவேண்டும் என்று ஆறு மாதமாக நச்சரித்துக்கொண்டிருந்தாள். சிங்கம் நிற்பதைப் பார்க்கவேண்டுமாம். வகுப்பில் போய்வந்த எல்லோரும் படுத்திருந்த சிங்கத்தைத்தான் பார்த்தார்களாம்.

நான் குளிர்பதனக் கிடங்கில் ராத்திரி வேலை பார்க்கிறேன். கல்லூரியை இரண்டாம் வருடத்தில் விட்டேன். பெரிய காரணம் ஒன்றும் இல்லை, போகப் பிடிக்கவில்லை. கிடங்கில் ஒரு சின்ன அறை, எட்டுத் திரை, ஒவ்வொன்றிலும் ஓர் அறையின் வெப்பநிலை. எதுவும் நடக்காது. நடக்காததைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் வேலை. நாங்கள் தூங்கவில்லை என்று நிரூபிக்க இருபது நிமிடத்துக்கு ஒரு முறை சுவரில் இருக்கும் பச்சைப் பொத்தானை அழுத்தவேண்டும். அழுத்தாவிட்டால் மேற்பார்வையாளரின் போன் அலறும். பிறகு அவர் அலறுவார். அந்தப் பொத்தானுக்கு நாங்கள் வைத்த பெயர் 'சாகல'. ஷிஃப்ட் மாறும்போது, "எல்லா 'சாகல'யும் அழுத்திட்டேன்பா" என்று சொல்லிவிட்டுத்தான் போவோம்.

பொத்தானை மறக்காமலிருக்க என் போனில் இருபது நிமிடத்துக்கு ஒரு அலாரம் வைத்திருக்கிறேன். ஆலைச் சங்கு மாதிரி ஊதும். அன்றைக்குப் பகலிலும் அதை ஓடவிட்டேன். குளத்தோர நாற்காலிக்கு என்னிடம் இருந்த ஒரே மருந்து அதுதான்.

பத்து இருபதுக்கு ஒட்டகச்சிவிங்கிகள் முன்னால் ஊதியது. ஒரு குழந்தை பயந்து அழுதது. பத்து நாற்பதுக்கு மான் வேலியருகே ஊதியது. பாதி மான்கள் ஓடின.

"என்னப்பா அது, எங்கயோ தீப்பிடிச்ச மாதிரி?"

"வேலைப் பழக்கம்."

"இன்னிக்கு உனக்கு லீவுதானே?"

"எனக்கு லீவு. பழக்கத்துக்கு லீவு கெடையாது."

அவள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தாள்.

சஃபாரி பஸ்ஸுக்கான வரிசையில் நின்றபோது பதினோரு மணிச் சங்கு ஊதியது. ஓட்டுநர் வாசலில் நின்று சொன்னார். "போன் எல்லாம் சைலன்ட்ல போடுங்க. கண்ணாடியத் தட்டாதீங்க. யாரும் எழுந்து நிக்கக் கூடாது." சைலன்டில் போட்டேன். அத்தோடு அலாரமும் அடங்கிவிடும் என்று நினைத்தேன். வேலையில் போனை நான் சைலன்டில் போட்டதே இல்லை.

எழுந்து நிற்கக் கூடாது என்பதுதான் என்னைக் கவலைப்படுத்தியது. நின்றால் சமாளித்துவிடுவேன். மகள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள், நான் பக்கத்தில். கண்ணாடிக்கு வெளியே கம்பிவலை. பஸ் மண்சாலையில் தொட்டில் மாதிரி ஆடியது. தொடையைக் கிள்ளினேன். முதல் அறை மைனஸ் பதினெட்டு, இரண்டாவது மைனஸ் இருபது என்று மனசுக்குள் ஒப்பித்தேன். அதுவே தாலாட்டாகிவிட்டது.

மரத்தடியில் சிங்கம் நாலு காலையும் நீட்டிப் படுத்திருந்தது.

"செத்துடுச்சா?" என்றார் முன்சீட்டு வழுக்கைக்காரர்.

"வயிறு ஏறி எறங்குது பாருங்க," என்றார் பக்கத்திலிருந்த அவர் மனைவி. "ஞாயித்துக்கிழம நீங்களும் இப்படித்தான் கெடக்கறீங்க. உங்களப் பாக்க யாரு பஸ் புடிச்சு வர்றாங்க?"

பஸ்ஸே சிரித்தது. "ஹார்ன் அடிங்க சார்," என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"ஹார்ன் அடிச்சா என் வேல போயிடும்," என்றார் ஓட்டுநர். "அஞ்சு நிமிஷம் நிக்கலாம். அதுவா எழுந்தா உங்க அதிர்ஷ்டம்."

எஞ்சினை அணைத்தார். அதுவரை அந்த உறுமல்தான் என்னைப் பிடித்து வைத்திருந்தது போலிருக்கிறது. எஞ்சின் அணைந்ததும் நானும் அணைந்துவிட்டேன்.

அடுத்து எனக்குத் தெரிந்தது சங்கு. எனக்கு அது கிடங்கு. கை தானாகச் சுவருக்குப் போய்ப் பொத்தானைத் தேடியது. உருண்டையாக ஏதோ கிடைத்தது. ஓங்கி அழுத்தினேன். முன்சீட்டுக்காரரின் வழுக்கை.

"யோவ்!"

திரும்பி என்னைத் திட்ட வாயெடுத்தவர் பாதியில் நிறுத்தினார். சிங்கம் எழுந்துவிட்டிருந்தது.

முன்கால்களை நீட்டி முதுகை வளைத்தது. பிடரியை உதறியது. பஸ்ஸை நோக்கி அவசரமில்லாமல் நடந்து வந்தது. மகளின் ஜன்னலுக்கு ஒரு கை தூரத்தில் நின்று, பார்த்தது. வாயைத் திறந்து கொட்டாவி விட்டது. பல்லில் பாதி மஞ்சள். கண்ணில் கோபம் இல்லை. எழுப்பிவிட்டார்களே என்ற அலுப்புதான் இருந்தது. அந்த முகத்தைத் தினமும் கண்ணாடியில் பார்க்கிறேன். பிறகு அது அடுத்த மரத்தடிக்குப் போய்ப் படுத்துக்கொண்டது.

"எவன்யா அது போன சைலன்ட்ல போடாதவன்?" என்றார் ஓட்டுநர்.

"போட்டேன்."

"அலாரம் சைலன்ட்டுக்கு அடங்காது சார். இதுகூடத் தெரியாதா?"

"விடுங்க டிரைவரே," என்றார் வழுக்கைக்காரரின் மனைவி. "அவரு புண்ணியத்துல சிங்கத்தப் பாத்தோம். எங்க வீட்டுக்காரர் மண்ட தாங்கும்."

இறங்கியபின் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து ரொட்டி தின்றோம். மகள் என்னைப் பார்க்காமல் கால்களை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"எவ்ளோ நேரம் தூங்குனேன்?"

"நாலு நிமிஷம் இருவது செகண்டு."

"ஏன் எழுப்பல?"

"பதினொண்ணு இருவதுக்கு அடிக்கும்னு தெரியும். பத்து இருவது, பத்து நாப்பது, பதினொண்ணு. எழுப்பியிருந்தா ஞாபகம் வந்து ஆஃப் பண்ணிருப்ப. சிங்கம் எழுந்திருக்காது."

பத்து வயதில் எனக்கு இவ்வளவு மூளை இருந்ததில்லை. இப்போதும் இல்லை.

பொத்தானைப் பற்றிக் கேட்டாள். சொன்னேன். 'சாகல' என்ற பெயருக்கு வாயில் இருந்த ரொட்டி தெறிக்கச் சிரித்தாள். சிரித்து முடியட்டும் என்று காத்திருந்து கேட்டேன்.

"அம்மாகிட்ட சொல்லுவியா?"

"நீ சொல்லு."

"ஏன் நான்?"

"போன தடவ நான் சொல்லாம எழுந்து போயிட்டேன்னு அம்மாகிட்ட சொன்ன. நான் சொல்லிட்டுத்தான் போனேன். வெளிய நிக்கிறேன்னு சொன்னேன், நீ 'ம்'னு சொன்ன. தூக்கத்துல சொன்ன. அம்மா என்னத்தான் திட்டுனாங்க."

நான் அப்படித்தான் சொல்லியிருந்தேன். அதைப் பொய் என்று அன்றைக்கு நினைக்கவும் இல்லை.

"அலாரத்த ஆஃப் பண்ணுப்பா," என்றாள். "மீதிய நான் பாத்துக்கறேன்."

அதன்பின் இருபது நிமிடத்துக்கு ஒரு முறை, கரடி, நீர்யானை, பறவைக்கூண்டு என்று எங்கே நின்றாலும், என் முழங்கையில் நறுக்கென்று ஒரு கிள்ளு விழுந்தது. நான் "சாகல" என்று சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் இன்னொரு கிள்ளு.

நாலே காலுக்கு வீட்டு வாசலில் நின்றோம்.

"சிங்கம் என் ஜன்னல்கிட்டயே வந்து நின்னுச்சும்மா!"

"அப்படியா?" அவள் கேட்டது மகளிடம். பார்த்தது என்னை.

"தூங்கிட்டேன்," என்றேன். "பஸ்ல. நாலு நிமிஷம்."

"இருவது செகண்டு," என்றாள் மகள்.

"காலைல சொன்னதும் பொய். நேத்து ராத்திரிலருந்து தூங்கல. போன மாசம் அவ சொல்லிட்டுத்தான் போயிருக்கா. நான்தான் தூக்கத்துல கேக்கல."

அவள் கதவுப் பிடியைப் பிடித்தபடி நின்றாள். மகளைப் பார்த்தாள். மகள் ஷூ நாடாவை அவிழ்ப்பதில் மும்முரமாக இருந்தாள்.

"ஒன்பது மணி ஒத்துவராதுன்னு வாயத் திறந்து சொல்றதுக்கு என்ன?"

"சொன்னா அதையே காரணம் காட்டுவன்னு நெனச்சேன்."

"காட்டியிருப்பேன்தான்," என்றாள். "வெளிய கூட்டிட்டுப் போறது இப்போதைக்கு வேணாம். அடுத்த மாசம் இங்க வாங்க. ரெண்டு மணிக்கு, அஞ்சு வரைக்கும். தூங்கிட்டு வாங்க. தூங்கலன்னா வராதீங்க."

"சரி."

"அதுக்கப்புறம் பாக்கலாம்."

முழங்கையில் நறுக்கென்று விழுந்தது. நாலு இருபது.

"சாகல," என்றேன்.

"என்னது?" என்றாள் அம்மா.

"ஒண்ணுமில்லம்மா, அது வேல விஷயம்," என்று சொல்லிவிட்டு மகள் உள்ளே போனாள்.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் தூங்கிவிட்டேன். என் நிறுத்தம் தாண்டி மூன்று நிறுத்தம் போய்விட்டது. இறங்கித் திரும்பி நடந்தேன்.