படத்துக்குக் கீழே அண்ணாமலை செட்டியார்

காஜா பெராங் ஊர்ப் புகைப்படக்காரர் பொன்னுதுரை, மெர்டேக்கா சுதந்திர ஊர்வலத்தைப் படமெடுக்கக் கொட்டும் மழையில் லாரி மேல் ஏறி நின்றார். படம் நன்றாக வந்தது. காய்ச்சல் அதைவிட நன்றாக வந்தது.

வாரப் பத்திரிகையின் சுதந்திர மலரில் முதல் பக்கமே அவருடைய படம்தான். படுத்தபடியே கண்ணாடியை மாட்டிக்கொண்டு கீழே தன் பெயரைத் தேடினார். ‘அண்ணாமலை செட்டியார், ஜவுளிக்கடை, ஜாலான் பெண்டஹாரா’ என்றிருந்தது.

“அவரு அன்னிக்குக் கடைய விட்டே வெளிய வரலியே,” என்றார். பிறகு வெகுநேரம் இருமினார்.

மனைவி பூங்காவனம் மலரைச் சுருட்டிக்கொண்டு ஆசிரியர் கலியாணசுந்தரத்திடம் போனாள்.

“படம் அச்சாக உலோகத் தகட்டுல பிளாக் செய்யணும்மா. பிளாக்குக்குக் காசு குடுத்தவரு பேரத்தான் கீழ போடுவோம். அதான் வழக்கம்.”

“எடுத்தவரு பேரு?”

“அதெல்லாம் போட்டா, நாளைக்கு லாரி டிரைவரும் வந்து நிப்பாரு.”

“லாரி நின்னுக்கிட்டுதான் இருந்துச்சு. ஒரு தடவை போடுங்கய்யா. கண்ணால பாத்துட்டுப் போகட்டும்.”

“அடுத்த வாரம் பாக்கலாம்.”

பொன்னுதுரை அடுத்த வாரம்வரை இருக்கவில்லை. செவ்வாய்க்கிழமை போய்விட்டார்.

ஊரில் பாதிப் பேரைப் படமெடுத்தவருக்கு இருந்ததோ ஒரே படம். தீபாவளிக்குப் பூங்காவனம் கோணலாக எடுத்தது. ஆசிரியர் அதை வாங்கிப் போனார். செட்டியார் இரக்கமுள்ளவர், இந்த பிளாக் செலவையும் தானே ஏற்றுக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை முகப்பில் கறுப்புக் கட்டம், ‘கண்ணீர் அஞ்சலி’, பொன்னுதுரையின் முகம். கீழே வழக்கம்போல அண்ணாமலை செட்டியார், முகவரியுடன். பொன்னுதுரையின் பெயர் ஆறாம் பக்கத்துச் செய்தியில் இருந்தது. அதுவரை யார் புரட்டுகிறார்கள்?

செட்டியாரைக் கடிதத்தில் மட்டுமே அறிந்த மூவார் ஊர் வியாபாரிகள் மாலையோடு கடை வாசலில் வந்து இறங்கினார்கள். செட்டியாரே எழுந்து வரவேற்றார்.

மறுநாள் தன் படத்தைத் திரும்ப வாங்கப் போன பூங்காவனத்துக்கு முன்பே செட்டியார் ஆசிரியரைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

“சம்பந்தமில்லாதவன் பேர ஒரு படத்துக்குக் கீழ போடலாமாய்யா? மனுசனுக்கு எப்படி இருக்கும்?”

“தப்புதாங்க. திருத்தம் போட்டுடறேன்.”

பூங்காவனம் மேசைமேலிருந்த படத்தை எடுத்துக்கொண்டாள். அவளை அங்கே யாரும் எதுவும் கேட்கவில்லை.

திருத்தம் முதல் பக்கத்திலேயே வந்தது: ‘சென்ற இதழ்ப் படத்தில் இருப்பவர் திரு. அண்ணாமலை செட்டியார் அல்லர். அன்னார் நலமாக இருக்கிறார்.’

பூங்காவனம் பொன்னுதுரையின் பெயரைத் தேடி ஆறாம் பக்கம்வரை புரட்டிப் பார்த்தாள். பிறகு மடித்து, சுதந்திர மலரின்மேல் வைத்தாள்.