சுழலும் பாதிப்பு

மனித குலம் இதுவரை கண்ட மாபெரும் இணைப்புகளின் வரிசையில் இன்னொன்றும் சேர்ந்துவிட்டது என்பதைப் பெருமிதத்தோடும் சற்றே தழுதழுத்த குரலோடும் தெரிவித்துக்கொள்கிறோம்: கல்லூரியின் மூன்றாம் மாடியும் நான்காம் மாடியும் ஒன்றாகிவிட்டன.

மூன்றாம் மாடியில் பொதுச் சுகாதாரத் துறை. நான்காம் மாடியில் சமூக மேம்பாட்டுத் துறை. இருபத்திரண்டு வருடமாக ஒரே லிஃப்டில் ஏறி இறங்கியும் முகம் பார்த்துக்கொள்ளாத இரண்டும் கைகோத்து, இரண்டு வருட முதுநிலைப் பட்டம் ஒன்றைத் தொடங்கின. நோயை மூன்றாம் மாடி எண்ணும். அது ஏன் வந்தது என்று நான்காம் மாடி வருந்தும். மாணவர்கள் இரண்டுக்கும் நடுவே படியேறுவார்கள். லிஃப்ட் பேராசிரியர்களுக்கு மட்டும்.

முதல் அணியில் பன்னிரண்டு பேர். பதினோரு பேருக்கு இருபத்து மூன்று வயது. பன்னிரண்டாவது ஆள் நாற்பத்தொரு வயது நர்ஸ். வீடு வீடாகப் போய்க் குழந்தைகளை எடை போட்டே பதினாறு வருடம் கழித்தவள். பட்டம் வாங்கினால் மேற்பார்வையாளர் பதவி. வாங்காவிட்டால் ஓய்வு பெறும்வரை தராசைத் தோளில் மாட்டிக்கொண்டு நடக்க வேண்டியதுதான். அதைப் பற்றி அவளுடைய முழங்கால் தன் கருத்தை ஏற்கெனவே தெரிவித்திருந்தது. வகுப்பில் எல்லோரும் அவளை அக்கா என்றார்கள்.

மூன்றாம் மாடித் தலைவருக்கு மாணவர்கள் வைத்த பெயர் ‘சதவீதம்’. வீட்டில் சாப்பாடு எப்படி என்று கேட்டாலும் புள்ளிக்குப் பின்னால் ஓர் இலக்கம் சேர்த்துத்தான் பதில் சொல்வார் என்று கேள்வி. நான்காம் மாடித் தலைவிக்கு ‘உரையாடல்’ என்று பெயர். “உரையாடலைத் தொடங்குவோம்” என்று சொல்லிவிட்டு ஒன்றேகால் மணி நேரம் தானே பேசுவார்.

இரண்டாம் பருவத்தில் இருவரும் சேர்ந்து ஒரு வகுப்பு எடுத்தார்கள். சதவீதம் திரையில் ஒரு நேர்க்கோட்டைக் காட்டினார்.

“ஏழாவது தெரு. இருபத்தெட்டு வீடு, வீட்டுக்கு ஒரு சின்னக் குழந்தை. மூணு வருஷமா மாசாமாசம் தொண்ணூத்தாறு புள்ளி நாலு சதவீதம் நலம். ஏத்தமும் இல்ல, இறக்கமும் இல்ல. இப்படி ஒரு எண்ணை எங்கயாவது பாத்திருக்கீங்களா?”

உரையாடல் எழுந்தார். “அந்த மீதி மூணு புள்ளி ஆறைப் பாருங்க. முதல் மாசம் முதல் வீட்டுக் குழந்தைக்கு நலமில்ல. அடுத்த மாசம் ரெண்டாவது வீடு. அப்புறம் மூணாவது. அந்த மக்கள் துன்பத்தை முறை வச்சுப் பகிர்ந்துக்கறாங்க. இதைத்தான் நான் ‘சுழலும் பாதிப்பு’ன்னு சொல்றேன்.” இந்தத் தத்துவத்துக்காக அவர் நான்கு மாநாடுகளுக்கு விமானத்தில் போய் வந்திருந்தார்.

அக்கா தன் பேனாவை மூடி வைத்தாள். ஏழாவது தெரு அவள் எடை போடப் போகும் தெரு. அந்த எண் அவளுடைய பேனாவில் பிறந்தது.

நடந்தது இதுதான். நர்ஸ்கள் வீடுகளுக்குப் போக வேண்டிய நேரம் காலை பத்திலிருந்து ஒன்று. அந்தத் தெருப் பெண்கள் எட்டு மணிக்கே குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தையல் கம்பெனிக்குப் போய்விடுவார்கள். படிவத்தில் இரண்டே கட்டங்கள்: ‘நலம்’, ‘நலமில்லை’. வீடு பூட்டியிருந்தால் எழுத இடமில்லை. காலியாக விட்டால் கம்ப்யூட்டர் வாங்காது. ஆகவே எல்லா நர்ஸ்களையும் போல அவளும் ‘நலம்’ என்று போட்டாள். இருபத்தெட்டும் நலம் என்றால் மேலிடம் நம்பாது என்பதால் மாதம் ஒரு வீட்டுக்கு மட்டும் ‘நலமில்லை’. ஒரே வீட்டுக்குப் போட்டால் பாவம் என்று வரிசையாக மாற்றிக்கொண்டே வந்தாள். அவ்வளவுதான் சுழற்சி.

அன்று மாலையே தராசைத் தூக்கிக்கொண்டு ஏழாவது தெருவுக்குப் போனாள். பிறகு ஒரு வாரம், தினமும் மாலை ஏழு மணிக்கு. எல்லாக் கதவுகளும் திறந்திருந்தன. இருபத்தெட்டில் ஒன்பது குழந்தைகளுக்கு எடை போதவில்லை. ஒன்றுக்கு விலா எலும்பை எண்ணலாம்.

ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயத்தை எழுதி முடித்து வீட்டுக்காரரிடம் கொடுத்தாள். அவர் கல்லூரி வாசலில் ஜெராக்ஸ், பைண்டிங் கடை வைத்திருப்பவர். கையில் பசையோடு நின்றபடியே படித்தார்.

“இருபது வருஷமா ஆய்வேடு பைண்டிங் போடறேன். ‘நான் பொய் எழுதினேன்’னு ஆரம்பிக்கிற அத்தியாயத்தை இப்பத்தான் பாக்கறேன்.”

“முதல் வரி நல்லா இருக்கா?”

“வரி நல்லாத்தான் இருக்கு. பட்டம் போயிடும். வேலையும் போனாலும் போகும். கொஞ்சம் பூசி மெழுகக் கூடாதா?”

“மூணு வருஷம் மெழுகியாச்சுங்க. ஒன்பது குழந்தைங்க. வேலை போனா உங்க கடையிலயே ஸ்பைரல் போடறேன்.”

“ஐயோ தாயே, இதுக்கு நீ பட்டமே வாங்கிடு” என்றார். ஆனால் கெட்டி அட்டை போட்டு, முதுகில் தங்க எழுத்தும் வைத்துக் கொடுத்தார்.

ஆய்வேட்டைக் கொடுத்த பத்தாம் நாள் இரண்டு மாடிகளும் அவளை ஒரே அறைக்குள் அழைத்தன. இணைப்புக்குப் பிறகு அவை ஒருமனதாக எடுத்த முதல் முடிவு அது.

“ஏம்மா, மூணாவது அத்தியாயத்தை மட்டும் எடுத்துடு. நாளைக்கே தேர்ச்சி” என்றார் சதவீதம்.

“அதுல என்ன தப்பு சார்?”

“தப்புன்னு சொல்லல. அது தரவு சம்பந்தப்பட்டதில்ல, சமூகப் பிரச்சினை. மேலே போகணும்.”

“இது சமூகமே இல்ல, வெறும் தரவுக் கோளாறு. கீழே போகணும்” என்றார் உரையாடல்.

“மேடம், நடுவுல படிக்கட்டுதான் இருக்கு. அங்க வச்சுப் பேசலாமா?”

சதவீதத்தின் முகம் நூறு சதவீதம் சிவந்தது. “நீ சொல்றதுக்கு என்ன ஆதாரம்?”

“என் கையெழுத்துதான் சார். நம்பலன்னா ஏழாவது தெருவுக்கு வாங்க. சாயங்காலம் ஏழு மணிக்கு.”

“அது அலுவலக நேரம் இல்லையே” என்று இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

காலை பதினொன்றரைக்குப் போனார்கள். கல்லூரி வண்டி, குடிநீர் பாட்டில், இரண்டு தொப்பி. ஏழாவது தெருவில் வெயிலைத் தவிர யாரும் இல்லை. பித்தளைப் பூட்டு, இரும்புப் பூட்டு, சைக்கிள் செயின். ஒரு வீட்டில் பூட்டு வாங்க வசதியில்லாமல் தாழ்ப்பாளில் கரண்டியைச் செருகி வைத்திருந்தார்கள். தெருமுனையில் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

“என்ன சிஸ்டர், மறுபடியும் இந்த நேரத்துல? எல்லாரும் கம்பெனியில இருப்பாங்கன்னு தெரியாதா? கூட யாரு, பூட்டு ரிப்பேர்காரங்களா?”

“பெரிய படிப்பு படிச்சவங்கண்ணே.”

“அப்ப சரி” என்று மறுபடி டியூபைத் தண்ணீரில் முக்கினார்.

சதவீதம் பையிலிருந்து படிவத்தை எடுத்தார். இரண்டு கட்டங்களையும் மாறி மாறிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

“இதுல என்ன எழுதறது?”

“நானும் மூணு வருஷம் அதைத்தான் சார் யோசிச்சேன்.”

“காலியா விட்டா கம்ப்யூட்டர் வாங்காதே...” என்று முணுமுணுத்தபடி முதல் வீட்டுக்கு ‘நலம்’ என்று டிக் போட்டார். பிறகு கை பழகிவிட்டது. இருபத்தேழு வீட்டை மூன்று நிமிடத்தில் முடித்தார். இருபத்தெட்டாவதில் பேனா நின்றபோது, உரையாடல் அவர் காதருகே குனிந்தார்.

“இந்த ஒண்ணுக்கு மட்டும் ‘நலமில்லை’ போட்டுடுங்க சார். எல்லாம் நலம்னா நம்ப மாட்டாங்க.”

அக்கா சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம், தெருவின் பூட்டுகள் எல்லாம் அவள் பக்கம்தான்.

சதவீதம் படிவத்தை நீட்டினார். “களத்துல இருந்த நர்ஸ் கையெழுத்து வேணும். போட்டுடும்மா. இதைக் காட்டி உன் ஆய்வேட்டையும் எப்படியாவது தேத்திடலாம்.”

“போட மாட்டேன் சார்.”

“கையெழுத்து இல்லாம படிவம் செல்லாது. படிவம் செல்லலன்னா பட்டம் இல்ல. யோசிச்சுக்கோ.”

“யோசிச்சுதான் மூணு வருஷம் போட்டேன். யோசிக்காம இப்ப மாட்டேங்கறேன்.”

படிவத்தை வாங்கித் திருப்பினாள். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. வண்டியின் முகப்பில் வைத்து, ஒன்றிலிருந்து இருபத்தெட்டு வரை வீட்டு எண் போட்டு, ஒவ்வொன்றுக்கும் நேரே ‘பூட்டு’ என்று எழுதினாள். ஒரு வீட்டுக்கு மட்டும் ‘கரண்டி’. கீழே தேதி, நேரம், உடன் வந்திருந்த இரண்டு தலைவர்களின் பதவி எல்லாம் எழுதி, முழுப் பெயரோடு கையெழுத்துப் போட்டாள். மாலையில் வீட்டுக்காரர் அதை நூறு பிரதி எடுத்தார். மறுநாள் காலை இரண்டு மாடிகளிலும், லிஃப்டுக்குள்ளும் அது ஒட்டப்பட்டிருந்தது. ஒட்டியது யார் என்று வகுப்பின் மற்ற பதினோரு பேரில் ஒருவரும் கடைசிவரை சொல்லவில்லை.

ஆறு மாதத்தில் படிவத்தில் மூன்றாவது கட்டம் வந்தது: ‘வீடு பூட்டியிருந்தது’. நர்ஸ்கள் மாலையிலும் போகலாம் என்று உத்தரவு வந்தது. ஒன்பது குழந்தைகளுக்கும் சிகிச்சை தொடங்கியது. மூன்றாவது கட்டத்தைக் கண்டுபிடித்ததற்காக மூன்றாம் மாடிக்குக் கேடயம் கிடைத்தது. நான்காம் மாடி ‘பூட்டும் சமூகமும்’ என்று இரண்டு நாள் கருத்தரங்கு நடத்தியது. உரையாடல் தலைமையுரையை மதியச் சாப்பாட்டுக்குள் முடித்தார்.

அக்கா தேறவில்லை.