தேங்காய் எழுந்து நின்ற இடம்

தேங்காய் தானாக எழுந்து நிற்கவில்லை. ஆடு கட்டுகிற முளைக்குச்சியில் என் கால் கட்டைவிரல் மோதியது. முன்னால் சாய்ந்தேன். விழாமலிருக்கக் கையை உதறினேன். உள்ளங்கையில் படுத்திருந்த தேங்காய் குடுமியைத் தூக்கிக்கொண்டு போலீஸ்காரர் மாதிரி விறைத்து நின்றுவிட்டது.

“நின்னுருச்சு பாருங்க” என்று கூட நடந்து வந்த ராசப்பன் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

“இல்லைங்க, தடுக்கிட்டேன்” என்று நான் சொல்லியிருக்க வேண்டும். இரண்டே சொல். ஆனால் விரல் வலியில் என் கண் கலங்கியிருந்தது. அதை அவர்கள் அருள் என்று எடுத்துக்கொண்டார்கள். நாலு பேர் கும்பிட்டார்கள். கும்பிடுகிறவர்களைத் திருத்துவது மரியாதையில்லை என்று வளர்க்கப்பட்டவன் நான். அந்த இடத்தில் சுண்ணாம்பால் வட்டம் போட்டு, நடுவில் ஓர் எலுமிச்சம்பழத்தையும் வைத்தேன்.

நீரோட்டம் பார்ப்பதுதான் என் தொழில். வெறுங்காலோடு விவசாயிகளின் காட்டுக்குள் நடப்பேன். கையில் தேங்காய் படுத்திருக்கும். அடியில் தண்ணீர் ஓடுகிற இடத்தில் அது எழும். அங்கே பாயிண்ட் வைத்துக் கொடுத்தால் ரிக் வண்டி வந்து போர் போடும். பதினெட்டு வருடமாக இதைச் செய்கிறேன். தண்ணீர் வந்த இடமெல்லாம் என் சக்தி. வராத இடமெல்லாம் அவர்கள் ஜாதகம். இவ்வளவு பாதுகாப்பான தொழில் நாமக்கல் மாவட்டத்தில் வேறு கிடையாது.

இதற்கு முன் லாரி ஓட்டினேன்; தூங்கி, புளியமரத்தில் ஏற்றினேன். கோழிப்பண்ணை வைத்தேன், கோழிகள் என்னை நம்பாமல் கூட்டமாகச் செத்தன. கடைசியில் மாமனார் காட்டில் விளையாட்டாகத் தேங்காயை ஏந்தி நடந்தபோது அது எழுந்தது. தொண்ணூறு அடியில் தண்ணீர் பீய்ச்சியது. அன்றைக்குத்தான் மாமனார் முதல்முறையாக எனக்கு நாற்காலி போட்டார். அந்த நாற்காலியிலிருந்து நான் இன்னும் எழுந்திருக்கவில்லை.

எலச்சிபாளையத்துக்கு மேற்கே இருந்தது சென்னியம்மாளின் காடு. நாலு ஏக்கர். வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து மூன்று வருடம். கொழுந்தனார் ராசப்பன் அடுத்த காட்டுக்காரர். அண்ணிக்கு யோசனை சொல்லும் வேலையை யாரும் கேட்காமலே எடுத்துக்கொண்டவர். கிணறு வற்றிவிட்டது. ஐந்து மாத மரவள்ளி, எங்கள் பக்கத்துக் குச்சிக்கிழங்கு, இலையைத் தொங்கப்போட்டு நின்றது. இன்னும் இருபது நாள் போனால் கிழங்கு விரல் தண்டியோடு நின்றுவிடும்.

நான் தடுக்கிய இடத்தில் மறுநாள் போர் இறங்கியது. முந்நூறு அடியில் புகை. ஐந்நூறிலும் புகை. ஈரம் கண்டால் சேறாக வரவேண்டிய கல்மாவு, காய்ந்த பொடியாகக் கிளம்பி எங்கள் மேல் படிந்தது. வழக்கமாகப் பாயிண்ட் வைக்கிறவர்கள் புகை கிளம்பியதும் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று பைக்கை எடுத்துவிடுவார்கள். என்னால் முடியவில்லை. ஒவ்வொரு ராடு இறங்கும்போதும், “சாமி, தடுக்கின எடத்துலயும் தண்ணி இருக்கலாமில்ல” என்று வேண்டிக்கொண்டு நின்றேன். பக்கத்தில் சென்னியம்மாளும் நின்றார். எண்ணூற்று ஐம்பது அடியில் வண்டியை நிறுத்தியபோது எங்கள் இருவர் தலையும் வெள்ளை வெளேரென்று இருந்தது. அவர் சொம்பில் மோர் கொண்டுவந்து கொடுத்தார்.

ரிக் முதலாளி அப்புசாமி என்னிடம் வந்தார்.

“நாளான்னிக்கு வண்டி சத்தீஸ்கர் போகுதுங்க. திரும்பி வர ஆறு மாசம் ஆகுமுங்க. நாளைக்குக் காத்தால இன்னொரு போர் போட்டுத் தாரேன். நல்ல பாயிண்டா வெச்சுக் குடுங்க.”

மூன்றாவது போருக்குச் சென்னியம்மாளிடம் வகையில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த ஒரே வாய்ப்பை எல்லோருமாக என் தேங்காயிடம் ஒப்படைத்தார்கள்.

எனக்குப் பயம் வந்துவிட்டது. பதினெட்டு வருடத்தில் முதல்முறையாக ஒரு கேள்வி. எனக்கு அந்தச் சக்தி உண்மையிலேயே இருக்கிறதா, இல்லையா? இல்லையென்று யாராவது சொல்லிவிட்டால் பாயிண்ட் வைக்காமல் ஒதுங்கிவிடலாம்.

அப்புசாமியிடம் கேட்டேன். “பூமிக்குள்ள யாருங்க போய்ப் பாத்தாங்க? ஆனா ஒண்ணுங்க, நீங்க வெக்கிற பாயிண்டுல பாறை தொளைக்கிற பிட்டு தேயறதில்லீங்க” என்றார்.

ராசப்பனிடம் கேட்டேன். “அண்ணிக்கு இப்ப ஏழரை நடக்குதுங்க. நீங்க மனசுல வெச்சுக்காதீங்க” என்று என் தோளிலிருந்த பொடியைத் தட்டிவிட்டார்.

மாரியம்மன் கோயிலுக்குப் போய், பல்லி கத்தட்டும் என்று உட்கார்ந்தேன். வலது பக்கம் கத்தினால் உண்டு, இடது பக்கம் கத்தினால் இல்லை என்று கணக்கு. அரை மணி கழித்துக் கத்தியது. எந்தப் பக்கம் என்று பூசாரியிடம் கேட்டேன். “நடுவாலைங்க” என்றார்.

வீட்டில் மனைவி சாரதாமணியிடம் கேட்டேன். அவள் தோசையைத் திருப்பிப் போட்டாள். “லாரி ஓட்டுனப்ப தெனமும் சண்ட. கோழி வெச்சப்ப தெனமும் அழுகாச்சி. இப்பத்தான் மனுசனாட்டம் ஊட்டுக்கு வாரீங்க. இதைப் போயி நோண்டிக்கிட்டு. சட்னி போதுங்களா?”

கொங்கு நாட்டு மரியாதையில் ஒரு சங்கடம் இருக்கிறது. மூழ்குகிறவனிடம்கூட, ‘கொஞ்சம் நனைஞ்சிருக்கறீங்களாட்ட இருக்குதுங்க’ என்றுதான் சொல்வார்கள்.

விடிந்ததும், மற்றவர்கள் வருவதற்கு முன்பே, தேங்காயைப் பையில் போட்டுக்கொண்டு சென்னியம்மாள் காட்டுக்குப் போனேன். அவர் எருமைக்குச் சோளத்தட்டு போட்டுக்கொண்டிருந்தார்.

“அம்மணி, ஒரு சமாச்சாரமுங்க.”

“சொல்லுங்க.”

“அன்னிக்குத் தேங்கா தானா நிக்கலீங்க. மொளைக்குச்சி தடுக்குச்சு.”

“தெரியுமுங்க” என்றார், தட்டை உதறிக்கொண்டே. “நான் அடிச்ச குச்சிதானுங்க அது. நீங்க ஒத்தக்கால்ல குதிச்சதையும் பாத்தேன்.”

“அப்பவே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்லீங்களா?”

“நீங்க சொல்லுவீங்கன்னு பாத்துட்டிருந்தனுங்க.”

நான் எருமையைப் பார்த்தேன். அதுவும் அவர் பக்கம்தான் என்று தெரிந்தது.

“அப்பறம் எனக்கும் ஒரு நப்பாசைங்க” என்றார் அவர், குரலைத் தாழ்த்தி. “தடுக்குனதுகூட ஆத்தா செயலா இருந்துட்டா? அப்படித்தான் எண்ணூத்தம்பது அடியும் நின்னேன்.”

கையைத் துடைத்துக்கொண்டு நடந்தார். பின்னால் போனேன். வற்றிய கிணற்றுக்கு மேற்கே, வரப்போரம் ஒரு பாய் விரிக்கிற அளவுக்கு அருகம்புல் பச்சையாக இருந்தது. சுற்றிலும் மண் வெடித்திருந்தது.

“முப்பது வருசமாப் பாக்கறேன். சித்திரையிலயும் இந்த எடம் காயாதுங்க. அவுத்து உட்டா எருமை இங்க வந்துதான் படுக்குது.”

“பின்ன ஏனுங்க மொதல்லயே இங்க போடல?”

“கொழுந்தனாருகிட்டச் சொன்னனுங்க. பொம்பளைக்கு என்ன தெரியும், ஈசானி மூலையிலதான் போடோணும்னுட்டாரு. நான் சொன்னாக் கேக்க மாட்டாருங்க. தேங்கா சொன்னாக் கேப்பாரு.”

அப்போதுதான் கவனித்தேன். புல்லுக்கு நடுவே புதிதாக ஒரு முளைக்குச்சி அடித்திருந்தது. மூன்று விரற்கடைதான் வெளியே தெரிந்தது.

“இங்கயும் புகை வந்தா?” என்றேன்.

“வந்தா நின்னு பாப்போமுங்க. நேத்து நிக்கலீங்களா?”

தூரத்தில் ராசப்பனின் மொபெட் சத்தம் கேட்டது. அதற்குப் பின்னால் ரிக் வண்டியின் உறுமல். இனி கேட்காவிட்டால் எப்போதும் கேட்க முடியாது.

“அம்மணி, நேத்திருந்து ஊரெல்லாம் கேட்டுட்டேன், ஒருத்தரும் சொல்ல மாட்டீங்கறாங்க. நீங்களாச்சும் சொல்லுங்க. எனக்கு அந்தச் சக்தி இருக்குதுங்களா, இல்லீங்களா?”

சென்னியம்மாள் என்னைத் தலையிலிருந்து வீங்கிய கட்டைவிரல் வரை ஒருமுறை பார்த்தார்.

“இல்லீங்க” என்றார்.

“கொஞ்சங்கூட?”

“துளிகூட இல்லீங்க. ஊட்டுக்காரர் இருந்தப்ப பாயிண்ட் வெக்க வந்த ரெண்டு பேருக்கும் இல்லீங்க. அவிய புகையப் பாத்ததும் போயிட்டாங்க, நீங்க போகல. அதனாலதான் உங்ககிட்டச் சொல்றேன்.” பையிலிருந்து தேங்காயை எடுத்து என் உள்ளங்கையில் படுக்க வைத்தார். “இந்தத் தடவ மெதுவாத் தடுக்குங்க.”