காற்றில் நீளும் நூல்

தண்ணீருக்குள் முதல் அடியை வைத்ததுமே டிரைவர், "ஐயோ, ஐஸு!" என்று கத்திவிட்டார். தொடைவரை ஏறியிருந்த ரப்பர் பூட்ஸை ஆற்றின் குளிர் வெளியிலிருந்து இறுக்கிப் பிடித்தது.

"கல்லு மேல மிதிக்காதீங்க. வழுக்கும். ரெண்டு கல்லுக்கு நடுவுல காலை வைங்க," என்றாள் மனைவி. அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தவள் அவள்தான். ஆனால் வழி சொன்னதும் அவளேதான்.

வாழ்நாளெல்லாம் பஸ் ஓட்டியவர். நீச்சல் தெரியாது. ஞாயிறு காலைகளில் அவள் தூண்டிலோடு ஆற்றில் இறங்கும்போது கரையில் பாயை விரித்து, பேப்பரை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு படுத்துவிடுவார். அவளுக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது தையல் கடையில். இறகையும் நூலையும் சேர்த்துத் தூண்டில் முள்ளில் பூச்சி மாதிரி கட்டித்தரச் சொல்லி ஒருவர் வந்தார். கட்டிக்கொடுத்தவளுக்கு, அது தண்ணீரில் எப்படி மிதக்கும் என்று பார்க்க ஆசை வந்தது. பார்க்கப் போனவள் போனவள்தான்.

இப்போது அவளுக்குக் கண் போய்விட்டது. முழுதாக அல்ல, நடுவில் மட்டும். நேரே பார்த்தால் புகை. ஓரங்கள் மட்டும் தெரியும். "உங்களைப் பார்த்தா ரெண்டு காது தெரியுது. மூஞ்சியைக் காணோம்," என்று ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது சொன்னாள். "பார்த்துச் சலிச்ச மூஞ்சிதானே, விடு," என்று சொல்லிவிட்டுப் பாத்ரூமில் போய்க் குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் நின்றார்.

தையல் மெஷினை அவளே விற்றாள். மூங்கில் தூண்டிலை மட்டும் விற்கவில்லை. "அம்மாவை ஆத்துப் பக்கம் விட்டுடாதீங்கப்பா," என்று மகள் போனில் அழுதாள். அவரும் வேண்டாம் என்றுதான் சொல்லிப் பார்த்தார். அவள் சண்டை போடவில்லை. தினமும் சாயங்காலம் கூடத்தில் நின்று, வெறுங்கையைத் தூண்டில் போல முன்னும் பின்னும் வீசிக்கொண்டிருந்தாள். அதைத்தான் அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. ஒருநாள், "எனக்கு பூட்ஸு என்ன சைஸ் வாங்கணும்?" என்று கேட்டார்.

இடுப்பை ஆறு தொடும் முன்பே நின்றுகொண்டார்கள். "நான் மீனைப் பார்த்துச் சொல்றேன், நீ போடு," என்றார். இந்தக் குளிர்ந்த மலையாற்றின் ட்ரவுட் மீன் தண்ணீருக்கு அடியிலிருந்து மேலேயே பார்த்துக்கொண்டிருக்கும். பூச்சி விழுந்தால் எழும்பி வந்து உறிஞ்சும். அந்த இடத்தில் ஒரு வட்டம் விரியும். அவள் கட்டிய பூச்சிக்கோ எடையே கிடையாது. நூலின் கனம்தான் அதைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

"ரைட்ல! ரைட்ல வட்டம்! ஹோல்ட் ஆன், கொஞ்சம் லெஃப்ட்ல ஒடிச்சு... ஐயோ, போயிடுச்சு!"

"இப்படிக் கத்தினா மீன் இல்ல, மீனோட பாட்டன்கூட ஓடிடுவான்," என்றாள். "பஸ்ஸா ஓட்டறோம்?"

மறுபடி சொன்னார், மறுபடி பிந்தினார். அவர் சொல்லி அவள் கை அசைவதற்குள் மீன் பூச்சியைச் சுவைத்துத் துப்பிவிட்டிருந்தது. ஒருமுறை முள் அவருடைய தொப்பியைக் கொண்டுபோயிற்று. அவள் முகம் சுருங்குவதை அவர் பார்த்தார். இதோடு போதும், வீட்டுக்குப் போகலாம் என்று சொல்ல வாயெடுத்தார்.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

தூண்டில் பின்னால் சாய்ந்தது. பட்டுநூல் அவர் தலைக்கு மேல் எழுந்து, பின்பக்கமாகச் சுருள் அவிழ்ந்து, கடைசி முழம்வரை நீண்டது. அதுவரை அவள் அசையவே இல்லை. நூல் நீண்டு முடிந்ததை விரல் சொன்ன பிறகே கையை முன்னால் கொண்டுவந்தாள். மஞ்சள் வெயிலில் நூல் ஒரு வளையமாகி உருண்டு உருண்டு போனது. இத்தனை வருடமாக இதையா பேப்பருக்கு அடியில் தவறவிட்டோம் என்று நினைத்தார். ஆறு நின்றுவிட்டது போலவும் தாங்கள் இருவரும் மெல்ல மேல்நோக்கி நகர்வது போலவும் அவருக்குத் தோன்றியது. பூச்சி தண்ணீரைத் தொட்டது. வட்டம் விரிந்தது. சொல்ல மறந்து நின்றார்.

ஆனால் அவள் கை உயர்ந்துவிட்டது. தூண்டில் வில்லாக வளைந்தது.

"எப்படித் தெரிஞ்சுது?"

"நூலு சொல்லுச்சு. நீங்க வாயை மூடினீங்களா, கேட்டுச்சு."

அவர் நீட்டிய கைவலையில் வந்த மீனை அவள் ஈரக்கையால் தடவினாள். "சிவப்புப் புள்ளி இருக்கா?"

"இருக்கு. ஒவ்வொண்ணைச் சுத்தியும் வெள்ளையா ஒரு வளையம். வயிறு வெண்ணெய் கலர்ல..." அவர் குனிந்து இன்னும் கிட்டத்தில் பார்த்தார். அவள் முள்ளைக் கழற்றி மீனைத் தண்ணீருக்குள் பிடித்துக்கொண்டிருந்தாள். அது மூச்சு வாங்கி, வாலை ஒரு அடி அடித்துப் போனது.

"விட்டுட்டியா?"

"பின்னே, வளர்க்கவா?"

வெயில் தாழ்ந்தது. ஆற்றின் மேல் ஏதோ எழும்பத் தொடங்கியது. சிறகு முளைத்த சின்னஞ்சிறு பூச்சிகள், தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஆயிரக்கணக்கில். அவர் சட்டைக் கையில், அவள் நரைமுடியில், கண்ணாடி விளிம்பில் வந்து உட்கார்ந்தன. அவர் தட்டிவிடவில்லை. பிறகு அந்தச் சத்தம் கேட்டது. பொட்டு, பொட்டென்று, ஆறு முழுக்க.

"மழை வந்துடுச்சு, கிளம்பலாம்," என்றார்.

"மழை இல்லைங்க."

அண்ணாந்து பார்த்தார். வானத்தில் ஒரு மேகம் இல்லை. குனிந்தார். அக்கரை வரைக்கும் மீன்கள் எழுப்பிய வட்டங்கள், ஒன்றையொன்று தொட்டுக் கலைத்துக்கொண்டு விரிந்தன. அவர் அவள் கையைப் பிடித்தபடி, இரண்டு கற்களுக்கு நடுவே காலால் துழாவி, இன்னும் சற்று ஆழத்துக்குள் அடியெடுத்து வைத்தார்.