லைல் நின்ற இடம்

என் அப்பா நார்பர்ட், எங்கள் வீட்டுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாகத் தன் நிபந்தனையை மறுபடி சொன்னார்.

"மாப்ளே, இன்னிக்கு டிவில உன் மூஞ்சி தெரியலைன்னா, நடிப்பை விட்டுட்டு திங்கக்கிழமை நம்ம கார்ப்பெட் கடைக்கு வேலைக்கு வந்துடணும். பேச்சு பேச்சா இருக்கணும்."

"தெரியும் மாமா. முழுசா நாலு நாள் நடிச்சிருக்கேன்," என்றார் லைல்.

பதினோரு வருடமாக என் கணவர் பிணமாகவும் கூட்டத்தில் ஒருவராகவும்தான் நடித்திருந்தார். இந்தத் தொலைக்காட்சிப் படத்தில்தான் உருப்படியான வேடம். தனியாக இருக்கும் ஒருத்தியின் வீட்டில் வாய் திறக்காமல் வந்து நின்றே அவளைப் பைத்தியமாக்குகிறவன். அது எழுபத்தெட்டாம் வருடம். சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் பர்பாங்க் ஊர் முழுக்க டிஸ்கோவுக்குக் கிளம்ப, நாங்கள் மூவரும் விளக்கை அணைத்துவிட்டு, சிப்ஸ் தட்டோடு டிவிப் பெட்டி முன் உட்கார்ந்தோம்.

முதல் விளம்பரம் வரைக்கும் லைல் வரவில்லை. ஷாம்பு விளம்பரத்தில் ஒருவன் தலை குளித்தான்.

"அது நீயா?" என்றார் அப்பா. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இரண்டாவது விளம்பரத்துக்கு முன் கதாநாயகி கதவைத் திறந்து அலறினாள். எதிரே வெறும் மாடிப்படி. லைலின் முகம் வெளுத்துவிட்டது.

"அங்கதான் நான் நின்னேன், ஆர்லீன். எல்லாம் அவ பிரமைன்னு மாத்தி என்னை வெட்டிட்டாங்க. அவ என்னைப் பாத்துப் பயந்ததை மட்டும் வெச்சிருக்காங்க."

"அப்ப திங்கக்கிழமை எட்டு மணிக்கு," என்று சிப்ஸை மென்றார் அப்பா. பெற்றவர் என்றும் பாராமல் தட்டைப் பிடுங்கலாமா என்று இருந்தது.

லைல் எழுந்தார். "மாமா, அடுத்த சீன்ல அவ எந்தப் பக்கம் பாக்கறான்னு கவனிங்க." பெட்டிக்கு இடப்பக்கம், சுவரை ஒட்டிப் போய் நின்றார். கைகளைத் தொங்கவிட்டுத் தலையை லேசாகச் சாய்த்தார். வேறொன்றும் செய்யவில்லை.

திரையில் அவள் மெதுவாக இடப்பக்கம் திரும்பினாள். நேராக என் கணவரைப் பார்த்தாள். அவள் உதடு நடுங்கியது. அந்தப் பயம் மொத்தமும் இவர் கொடுத்தது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. பெருமையில் அழுகையே வந்துவிட்டது. இவரோ கண் இமைக்காமல் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்பா வீறிட்டார். சிப்ஸ் தரையெல்லாம் சிதறியது.

"லைட்டைப் போடு ஆர்லீன்! டேய், அப்படிப் பாக்காதடா!"

விளக்கைப் போட்டேன். லைல் சிரித்தபடி தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். அதை வாங்கவே அப்பா யோசித்தார்.

"சொன்னா சொன்னதுதான் மாமா. மூஞ்சி தெரியல. திங்கக்கிழமை வந்துடறேன்."

"ஒண்ணும் வேணாம், நீ நடிக்கவே போ," என்றார் அப்பா. "கிடங்குல அத்தனை கார்ப்பெட் சுருளுக்கு நடுவுல உன்கூடத் தனியா நிக்க என்னால ஆகாது."