ரைலியின் ஆணி டயர்

எழுபதைத் தாண்டிய அம்மா பனியில் வண்டி ஓட்டக் கூடாது என்று தானே முடிவுகட்டி, ரைலியின் குளிர்கால டயர்களை அவளைக் கேட்காமலே விற்றுவிட்டான் மகன் யோர்மா. அன்று மதியமே அவள் பின்லாந்தின் கெமியார்வி ஊரிலிருந்த டயர் கடையில் போய் நின்றாள்.

"டவுனுக்குள்ளதான ஓட்டுவீங்க? ஐஸ்ல வழுக்காம இருக்க இரும்பு ஆணி பதிச்ச டயர் எதுக்கு? ஆணி இல்லாததே போதும்மா," என்றான் கடைக்காரன்.

"எங்க ஓட்டுவேன்னு உங்கிட்ட சொன்னேனா? ஆணி வச்சதையே மாட்டு. நாலும் புதுசா."

புது ஆணிகள் ரப்பரில் இறுகும்வரை சில நூறு கிலோமீட்டர் நிதானமாக ஓட்டச் சொன்னான். ரைலிக்கு அந்தச் சாக்கு போதுமாக இருந்தது. இன்னும் பனி விழாத தார்ச்சாலையில், ஆணிகள் தாரில் பட்டுச் சடசடக்க, தினமும் மகன் வீட்டைக் கடந்தாள்.

"ஊரே சிரிக்குதும்மா," என்று போனில் கத்தினான் யோர்மா.

"சிரிக்கட்டும். உன் கார் இன்னும் கோடை டயர்லதான நிக்குது? அதைப் போய்ப் பாரு."

அவன் பார்க்கவில்லை. அடுத்த வாரம் ஒரே இரவில் பனி கொட்டியது. காலையில் வேலைக்குக் கிளம்பிய யோர்மாவின் கார் வீட்டு வாசலிலேயே வழுக்கி, பள்ளத்தில் இறங்கியது. கையைப் பிசைந்து நின்றவன் பக்கத்தில் ரைலியின் கார் வழுக்காமல் வந்து நின்றது.

"ஏறு," என்றாள். "பின்னாடி உக்காரு. முன் சீட்ல என் கைப்பை இருக்கு."