ஹீலர் உட்காரும் நேரம்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதையின் தொடக்கம் என்னுடையதல்ல. பட்டர்வொர்த்திலிருந்து தீவுக்கு வரும் ஃபெரியில், பக்கத்து இருக்கைப் பெண் போனில் யாரிடமோ கெஞ்சிக்கொண்டிருந்தாள். "ஹீலர் உட்கார்றத மட்டும் எடுத்துடக்கூடாதுலா." கரை வந்ததும் இறங்கிப் போய்விட்டாள். ஏதோ கணினி விளையாட்டைப் பற்றிய பேச்சு என்று மட்டும் புரிந்தது. ஒரு விளையாட்டுக்காகக் கண் கலங்குவார்களா? வீட்டுக்கு வந்து, விளக்கேற்றிவிட்டு, எழுத உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம்: "லோகேஸ்வரி தோற்பதற்கென்றே பிறந்தவள். அவள் —"

வேண்டாம். யாரும் அப்படிப் பிறப்பதில்லை. கடவுள் அவ்வளவு கருமி அல்ல.

இரண்டாம் தொடக்கம்: லோகேஸ்வரி, தீவுக்கு எதிர்க்கரையில் பத்து காவான் என்ற ஊரில், ஓர் அடுக்குமாடி வீட்டில் கணவன் ஆர்தருடன் இருக்கிறாள். ஆர்தர் கத்தோலிக்கர். மாதா கோயிலில் நடந்த அந்தக் கல்யாணத்துக்கு அவளுடைய அண்ணன் சுகுமாரன் வரவில்லை. அவன் தீவில், டத்தோ கிராமாட்டில் தனியாக இருக்கிறான். அன்றிலிருந்து அவள் கூப்பிட்டால் போனை எடுப்பதில்லை. அவளுக்கென்று மிச்சமிருக்கும் ஒரே பிறந்த வீட்டு மனிதன் அவன்தான்.*

ஆனால் ஞாயிற்றுக்கிழமை மாலை ஆன்லைன் விளையாட்டுக்கு மட்டும் வந்துவிடுவான். பள்ளிக்கூட நாளிலிருந்து சேர்ந்து ஆடும் குழு. சுகுமாரன் கேடயம் பிடிப்பவன். அவள் ஹீலர், அடிபட்டவர்களைக் குணமாக்குபவள். குணமாக்கினால் ஹீலரின் சக்தி தீர்ந்துபோகும். திரும்ப ஊறும்வரை தரையில் உட்கார வேண்டும். உட்கார்ந்திருப்பவளை எதிரி சுலபமாக வெட்டிவிடலாம். அதனால் கேடயக்காரன் பக்கத்தில் காவல் நிற்பான்.

அந்தச் சும்மா நிற்கிற நேரத்தில்தான் சுகுமாரன், யாருக்கோ சொல்வதுபோலத் திரையில் எழுதுவான். 'நேத்து காய்ச்சல். இப்ப தேவல.' இன்னொரு வாரம்: 'பக்கத்து வீட்டு பூனை குட்டி போட்டிருக்கு.' அவ்வளவுதான். லோகேஸ்வரிக்கு அடுத்த ஞாயிறுவரை அது போதும்.

* அம்மாவையும் வைத்து எழுதிப் பார்த்தேன். அம்மா இருந்தால் இரண்டு பேரையும் ஒரே வாரத்தில் பேச வைத்துவிடுவார், கதை நிற்காது. ஆகவே படத்தில் வைத்து மாலை போட வேண்டியதாயிற்று. மன்னியுங்கள், அம்மா.

3

விளையாட்டு நிறுவனம் ஹீலரை மாற்றப்போவதாக அறிவித்தது. இனி உட்கார வேண்டியதில்லை, ஓடிக்கொண்டே குணமாக்கலாம். ஆட்டக்காரர்கள் கருத்துச் சொல்லலாம்.

"நல்லதா போச்சுலா," என்றான் யுகேந்திரன். கெப்பாலா பத்தாஸ் ஊர்க்காரன், குழுவின் தலைவன். ஹெட்ஃபோனில் அவன் குரல் எப்போதும் பக்கத்து அறையிலிருந்து வருவதுபோலிருக்கும். "ஒவ்வொரு தடவையும் மகாராணி உட்காருவாங்க. நாம பஸ்ஸுக்கு நிக்கிற மாதிரி நிக்கணும்."

"உட்காரலன்னா ஹீலருக்கு என்னா பயம்? பயம் இல்லாம என்னா கேம்?" என்றாள் லோகேஸ்வரி.

"பயம் வேணும்னா பல் டாக்டர்கிட்ட போங்கக்கா."

லோகேஸ்வரிக்குச் சிரிப்பு வரவில்லை. உண்மைக் காரணத்தைச் சொல்லவும் வாய் வரவில்லை. "அண்ணே, நீ சொல்லு," என்றாள். கல்யாணத்துக்குப் பிறகு அவனை அப்படி அவள் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.



"எடுக்கட்டும்," என்றான் சுகுமாரன்.

(இந்த இடத்தில் அவனைக் கல்நெஞ்சன் என்று திட்டி ஒரு பத்தி எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். ஒருவனைக் கெட்டவன் என்பதற்குமுன் இன்னொரு வாக்கியம் பேசவிட்டுப் பார்க்க வேண்டும். விட்டேன்.)

"உட்கார்ந்திருக்கப்பதான் அவள வெட்டுறானுங்க. பக்கத்துலயேதான் நிக்கிறேன். அப்பயும் செத்துப் போறா. என்னால பாக்க முடியல."

லோகேஸ்வரி மைக்கை அணைத்தாள். ஆர்தர் ஒரு கோப்பை மைலோவைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

4

மாற்றம் வந்துவிட்டது. முடிவுதான் எனக்கு வரவில்லை.

ஒன்றை இப்படி எழுதினேன்: சுகுமாரன் பாலத்தைக் கடந்து பத்து காவானுக்கு வருகிறான். ஆர்தர் கதவைத் திறந்து, "வாங்க மச்சான்" என்று அவன் கையிலிருந்த —

நிறுத்திவிட்டேன். ஆண்டவன் செய்யக்கூடியதுதான். அவரே அவசரப்படாத இடத்தில் நான் அவசரப்படுவானேன்?

அவள் விளையாட்டைவிட்டே போய்விடுகிறாள் என்று இன்னொன்று. அதற்குக் கை ஓடவில்லை.

மூன்றாவது இவ்வளவுதான்:

ஞாயிறு. சண்டை ஓய்ந்தது. "வாங்கலா, அடுத்தது," என்று யுகேந்திரன் ஓடினான். சுகுமாரனும் பின்னால் ஓடினான். உட்காரும் பொத்தான் இன்னும் இருக்கிறது. அழுத்தினால் இப்போது ஒரு பயனுமில்லை. லோகேஸ்வரி அழுத்தினாள். வெட்டவெளியில் ஹீலர் தனியே உட்கார்ந்தாள்.

கேடயக்காரன் நின்றான். திரும்பினான். அவ்வளவு தூரமும் நடந்து வந்து, அவள் பக்கத்தில் கேடயத்தை ஊன்றினான்.

"அண்ணே, இப்ப எதுக்குக் காவல்?" என்றான் யுகேந்திரன்.

சுற்றிலும் எதிரி ஒருவனும் இல்லை.

அவன் என்ன எழுதப்போகிறான், அவள் முதலில் எழுதுவாளா, எனக்குத் தெரியாது. இரண்டு பேரும் கூச்சக்காரர்கள். துருவிக் கேட்டால் எழுந்து போய்விடுவார்கள். நான் விலகிக்கொள்கிறேன். உங்களுக்கு அவசர வேலை இல்லையென்றால், கொஞ்ச நேரம் அவர்கள் பக்கத்தில் நில்லுங்கள்.